கட்டைக் கிராமத்தில் ஒரு தோல் வியாபாரம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்த கணியம்பாடிக்கும், சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பிறந்த ஒரு கணினி விளையாட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இருக்க நியாயமில்லை என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனத் தோலாலேயே பெயர் பெற்ற ஊர்களைக் கொண்ட இவ்வட்டாரத்தில், விடியற்காலையில் ஷூ கம்பெனிப் பஸ் ஏறி வேலைக்குப் போகும் தாய் ஒருத்தியின் மகன், மாலையில் கணினித் திரைக்கு முன் அமர்ந்து, மைன்கிராஃப்ட் என்னும் அவ்விளையாட்டில் தோல் தொழிலாளி ஒருவனிடம் தோலை விற்று மரகதம் வாங்கிக்கொண்டிருப்பது இக்காலத்தில் அதிசயமாகாது. நேற்று வரை 6 தோலுக்கு 1 மரகதம் கொடுத்துவந்த அத்தொழிலாளி இன்று 10 தோல் கேட்பதும், பிறகு ஒரு வேளை எவ்வளவு தோல் கொடுத்தாலும் வாங்காமல் நின்றுவிடுவதும், பக்கத்து வீட்டுக்காரனோ பேச்சுக் கொடுத்த மாத்திரத்தில் தலையை ஆட்டி முனகிவிட்டு அகன்றுவிடுவதுமே பிள்ளைகளை அதிசயிக்கச் செய்பவை. விளையாட்டில் ஏதோ பழுது என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர். அந்த மறுப்புகளுள் ஒவ்வொன்றுக்கும் திட்டமான ஒரு காரணம் உண்டு என்பதையும், அக்காரணத்தைத் தேடிச் செல்லும் வழி எது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் பொதுமக்கள் கைக்கு விட்ட மைன்கிராஃப்ட், 2011 நவம்பர் 18இல் முழு வடிவம் பெற்றது. 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதன் உரிமையாளரான மோஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023க்குள் 30 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றுவிட்டன. மண், மரம், கல், நீர் ஆகிய யாவும் ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டைகளாக அமைந்த அவ்வுலகத்தில், ஆடுபவன் எதையும் வெட்டலாம், எதையும் கட்டலாம். அடையவேண்டிய இலக்கு என்று எவரும் அவனுக்கு விதிப்பதில்லை. அவ்வுலகத்துக் கிராமங்களில் நீண்ட மூக்கும் கோத்த கைகளுமாகத் திரியும் கிராமவாசிகள் தொடக்கத்தில் வெறும் நடமாடும் பொம்மைகளாகவே இருந்தனர். 2012 ஆகஸ்டில் அவர்களுக்கு வியாபாரம் செய்யும் திறன் அளிக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் அத்திறன் முற்றிலும் திருத்தி அமைக்கப்பட்டு, தொழில், தொழிற்கருவி, நாளொழுங்கு, ஞாபகம் என்னும் நான்கும் இன்றைய வடிவில் அவர்களுக்கு வாய்த்தன. இன்றைய குழப்பங்கள் யாவும் இந்த நான்கிலிருந்து கிளைத்தவையே. விளையாட்டுக்கு இரு பெரும் பதிப்புகள் உண்டு. கைப்பேசியில் ஓடுவதன் விதிகள் சில இடங்களில் வேறுபடுவதால், இங்கே கூறும் கணக்குகள் யாவும் கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு உரியவை என்று கொள்க.

கிராமவாசிக்கு மனம் என்று ஒன்று இல்லை. கணினி ஒரு விநாடியை 20 துடிப்புகளாகப் பகுத்து, துடிப்புதோறும் அவனுக்குரிய விதிகளைச் சரிபார்த்து, அந்தக் கணத்தில் எந்த விதி பொருந்துகிறதோ அதன்படி அவனை நடக்கவோ நிற்கவோ உறங்கவோ செய்கிறது. ஆகவே அவனுடைய மறுப்பில் கோபமோ சபலமோ கிடையாது. நிறைவேறாத ஒரு நிபந்தனை மட்டுமே இருக்கிறது. அந்த நிபந்தனை எது என்பதை ஒரே பார்வையில் ஊகிக்க முயல்பவன் ஏமாந்துபோவான். பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவர் ஒரு துண்டைக் கையில் எடுத்தவுடன் தரத்தைச் சொல்லிவிடாமல், மேற்பக்கம், சதைப்பக்கம், பருமன், பரப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வருவதைப் போல, இங்கும் ஆள், இடம், காலம், அளவு, பெயர் என்னும் ஐந்தையும் அவ்வரிசை பிறழாமல் பரிசோதித்துவந்தால், முன்னதை விலக்கிய பிறகே பின்னதைச் சந்தேகிக்க நேர்வதால், வீண் அலைச்சல் மிகவும் குறையும்.

முதலில் ஆள். பச்சை அங்கி அணிந்த கிராமவாசி எத்தொழிலும் கற்கமாட்டான். அவனிடம் எத்தனை நாள் காத்திருந்தாலும் வியாபாரம் நடவாது. குழந்தைகளும் வியாபாரம் செய்வதில்லை. அவர்கள் வளர்ந்து ஆளாவதற்கு 20 நிமிடம் ஆகும். தொழிலுக்குரிய அடையாளம் எதுவும் உடையில் இல்லாத மற்றவன் வேலை கிடைக்காதவன். அவனுக்குத் தொழிற்கருவி ஒன்று வாய்த்தால் நிலைமை மாறிவிடும். தலையை ஆட்டி முனகும் மறுப்பைக் கண்டால் பெரும்பாலும் இம்மூவருள் ஒருவனே நம் எதிரில் நிற்கிறான் என்று துணியலாம்.

இரண்டாவது இடம். கிராமத்தில் உள்ள 13 தொழில்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி உண்டு. தோல் தொழிலாளிக்கு உரியது இரும்புக் கொப்பரை. வேலையில்லாத கிராமவாசி தன்னைச் சுற்றி 48 கட்டைத் தொலைவுக்குள் எவரும் உரிமை கொள்ளாத தொழிற்கருவி ஏதேனும் உள்ளதா என்று தேடுகிறான். கொப்பரை அகப்பட்டால் அதை நோக்கி நடந்து, அதைத் தனதாக்கிக்கொண்டு, தலைமேல் பச்சைப் பொறிகள் பறக்கத் தோல் தொழிலாளியாக மாறிவிடுகிறான். தொழில் மனிதனைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு இதைக்காட்டிலும் பச்சையான உதாரணம் கிடைப்பது அரிது. ஒரு கொப்பரைக்கு ஒருவனே உரியவன். பையன் தன் வீட்டு வாயிலில் கொப்பரை வைத்து, அருகில் நிற்பவனே அதைக் கொண்டிருப்பான் என்று நம்பிக்கொண்டிருக்க, அதன் உரிமையோ நாலு வீடு தள்ளி இருக்கும் வேறொருவனிடம் போயிருக்கலாம். அருகில் நிற்பவன் வேலையற்றவனாகவே நிற்பான். சந்தேகம் எழுந்தால் கொப்பரையை ஒரு முறை உடைத்துப் பார்ப்பதே நேரான பரிசோதனை. இதுவரை எவருடனும் வியாபாரம் செய்யாத தோல் தொழிலாளி ஒருவன் அதன் விளைவாகத் தொழிலை இழந்தால், கொப்பரை அவனுடையது என்பது நிரூபணமாயிற்று. ஒரு முறையேனும் வியாபாரம் செய்துவிட்டவனுக்கோ தொழில் நிலைத்துவிடும். கொப்பரை போனாலும் அவன் தோல் தொழிலாளியே. ஆனால் புதிய கொப்பரை கிட்டும்வரை அவனால் விற்பனையைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது.

உரிமை இருந்தால் மட்டும் போதாது. கொப்பரையடிக்கு நடந்து செல்ல வழியும் இருக்கவேண்டும். ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு மிகக் குறைந்த செலவில் செல்லும் பாதையைக் கணக்கிடும் முறை ஒன்றை 1968இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ரஃபேல் ஆகிய மூவர் வெளியிட்டனர். நடமாடும் யந்திரம் ஒன்றுக்கு வழி காட்டும் ஆராய்ச்சியினூடே பிறந்த அம்முறையின் வழிவந்த கணக்கே இன்று கிராமவாசியின் கால்களையும் நடத்துகிறது. அக்கணக்குக்கு மரக்கதவு ஒரு தடையன்று. அதை அவன் திறந்துகொள்வான். இரும்புக் கதவையும் வேலிப் படலையும் திறக்க அறியான். கிராமவாசிகளைப் பகைவரிடமிருந்து காப்பதாக எண்ணி அவர்களைச் சுற்றி வேலி அடைத்துப் படல் சாத்தும் ஆட்டக்காரன், அதே செயலால் அவர்களைக் கொப்பரையிலிருந்து பிரித்துவிட்டு, பிறகு அவர்கள் சரக்குப் புதுப்பிப்பதில்லை என்று குறைகூறுவது அடிக்கடி நேர்வது.

மூன்றாவது காலம். அவ்வுலகின் ஒரு முழு நாள் நம் கடிகாரத்தில் 20 நிமிடம். சூரியோதயத்திலிருந்து கணக்கிட்டால், கிராமவாசியின் வேலைநேரம் 100ஆம் விநாடியில் தொடங்கி 450ஆம் விநாடியில் முடிகிறது. அதாவது நாளொன்றுக்கு 5 நிமிடம் 50 விநாடி. அதன் பின் 550ஆம் விநாடி வரை ஊர்மணி தொங்கும் இடத்தில் எல்லோரும் கூடுகின்றனர். 600ஆம் விநாடியில் படுக்கையை நாடுகின்றனர். விழித்திருக்கும் எந்நேரத்திலும் அவனிடம் விற்கலாம். உறங்குபவனிடம் விற்க முடியாது. விற்றுத் தீர்ந்த கணக்கைப் புதுப்பிப்பதோ வேலைநேரத்தில் கொப்பரையடியில் நிற்கும்போதுதான் நிகழ்கிறது. அதுவும் நாளுக்கு இரு முறைக்கு மேல் இல்லை, இரண்டுக்கும் இடையே 2 நிமிட இடைவெளி வேண்டும். மாலையில் வந்து, இன்னும் ஏன் புதுப்பிக்கவில்லை என்று முறையிடுபவன் மறுநாட்காலை வரை பொறுத்திருந்தால், பழுது தானே நீங்கியிருப்பதைக் காண்பான்.

ஆள் சரி, இடம் சரி, காலமும் சரி. ஆயினும் வியாபாரம் கோணலாயிருக்கிறது என்றால், நான்காவதாகிய அளவைக் கவனிக்கவேண்டும். தோல் தொழிலாளி தோல் வாங்கும் ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. 16 முறை வாங்கிய பின் அந்த வரியின் அம்புக்குறிமேல் சிவப்புக் குறுக்குக்கோடு விழுந்து, புதுப்பிக்கும்வரை அது மூடிக்கிடக்கும். புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் ‘கிராக்கி’ எனத்தக்க ஓர் எண் திருத்தப்படுகிறது. சென்ற சுற்றில் நிகழ்ந்த விற்பனைகளின் தொகையை அவ்வெண்ணோடு கூட்டி, நிகழாது எஞ்சிய வாய்ப்புகளின் தொகையை அதிலிருந்து கழிக்கவேண்டும். பிறகு அடிப்படை விலையை அந்த எண்ணாலும், தோலுக்கு உரிய 0.05 என்னும் விகிதத்தாலும் பெருக்கி, பின்னத்தை விட்டுவிட்டு, வந்ததை விலையோடு சேர்க்கவேண்டும். 16 முறையும் விற்றுத் தீர்த்தால் கிராக்கி எண் 16. 6ஐ 16ஆலும் 0.05ஆலும் பெருக்க 4.8, பின்னம் நீங்க 4. ஆகவே அடுத்த சுற்றில் மரகதம் ஒன்றுக்கு 10 தோல் கொடுக்கவேண்டும். மீண்டும் 16 முறை விற்றால் எண் 32 ஆகி, விலை 15 தோலாகும். ஒரு சுற்று விற்காமல் விட்டால் 10க்கும், மேலும் ஒரு சுற்று விட்டால் 6க்கும் திரும்பிவரும். சுற்றுக்கு 8 முறை மட்டும் விற்பவனுக்கோ கூட்டுவதும் கழிப்பதும் சமமாகிவிடுவதால் விலை என்றும் 6ஆகவே நிற்கும். பேராசையுடன் ஒருவனிடமே கொட்டுவதைவிட, இரு கொப்பரை வைத்து இரு தொழிலாளிகளிடம் பாதி பாதியாக விற்பது இலாபம் என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடுகிறது.

பக்ரீத் பண்டிகையை அடுத்த நாட்களில் பச்சைத் தோல் ஒரே சமயத்தில் வந்து குவிந்து, மண்டியில் விலை விழுவதை இவ்வட்டாரத்தில் அறியாதார் இல்லை. சரக்கு மிகுந்தால் விலை மெலியும் என்னும் அந்த நியதியையே விளையாட்டும் தன் வழியில் கூறுகிறது. ஆனால் மரகதத்தைக் குறைக்காமல், ஒரு மரகதத்துக்கு ஈடான தோலைக் கூட்டுவதால், கீழே விழும் விலை திரையில் ஏறும் எண்ணாகத் தோன்றிக் கணக்கறியாப் பிள்ளையை மயக்குகிறது.

ஐந்தாவதாகிய பெயரே இவையனைத்திலும் நுட்பமானது. ஒவ்வொரு கிராமவாசியும் ஒவ்வோர் ஆட்டக்காரனைப் பற்றியும் ஒரு ஞாபகக் குறிப்பு வைத்திருக்கிறான். கை தவறி அவனை ஒரு முறை அடித்துவிட்டால், அடித்தவன் பெயரில் 25 குறை ஏறும். தோலின் விலை 6லிருந்து 8 ஆகும். அக்குறை நாளுக்கு 20 வீதம் தேய்வதால், மறுநாள் விலை 7, அதற்கு மறுநாள் பழைய 6. அடிபட்டவன் ஊர்மணியடியில் மற்றொருவனைச் சந்தித்து அதைச் சொன்னால், கேட்டவன் ஞாபகத்தில் 25க்குப் பதில் 5 மட்டுமே பதியும். எனவே அவன் ஒரு தோல் மட்டும் கூடுதலாகக் கேட்பான். சொல்லச் சொல்லச் செய்தி தேயும் என்னும் உலக இயல்பை இப்படி எண்ணாக்கிய அமைப்பாளர்கள், கொலைச் செய்தி அவ்வளவாகத் தேயாது என்பதையும் மறக்கவில்லை. கொலையைக் கண்ணால் கண்டவனிடம் 25ஆகப் பதியும் குறை, அதைக் கேட்டவனிடம் 15ஆக நிற்கிறது. அதன் ஒவ்வோர் அலகும் சாதாரண அடியைவிட ஐந்து மடங்கு கனமுடையது. வாடிக்கைக்கும் மதிப்பு உண்டு. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் 2 நற்பெயர் சேர்ந்து, அது 20ஐ எட்டும்போது 1 தோல் தள்ளுபடி கிடைக்கும். பிணமாகத் திரியும் பகைவரால் கடிபட்டு உருமாறிய கிராமவாசியை மருந்தும் பொன்னாப்பிளும் கொடுத்து மீட்டவனுக்கோ, அவன் செய்ந்நன்றி மறவாமல், 6 தோலுக்குரிய மரகதத்தை 1 தோலுக்கே தந்துவிடுவான்.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. விலை ஏறியிருப்பதைத் திரை காட்டும். பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை அதனருகே எழுதும். அந்த ஏற்றம் கிராக்கியால் வந்ததா, கெட்ட பெயரால் வந்ததா என்பதை மட்டும் கூறாது. கிராக்கி எண் வியாபாரியின் ஏற்பாட்டோடு ஒட்டியது. பலர் கூடி ஆடும் உலகில் ஒருவன் கொட்டிய தோலுக்கு எல்லோரும் விலை கொடுக்க நேரும். பெயரோ ஆளுக்கு ஆள் தனித்தனியானது. எனவே இரு நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராக அதே தொழிலாளியிடம் சென்று விலையை ஒப்பிட்டால் போதும். இருவருக்கும் ஒரே உயர்ந்த விலை என்றால் குற்றம் கிராக்கியுடையது. ஒருவனுக்கு மட்டும் உயர்வு என்றால் அவன் நடத்தையுடையது. இரண்டு காரணங்கள் ஒரே விளைவைத் தரும்போது, ஒன்றை மாறாமல் நிறுத்தி மற்றதை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும் என்னும் விஞ்ஞானத்தின் அடிப்படை விதி, ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமலே இங்கே ஒரு பையனின் கைக்கு வந்துவிடுகிறது.

இனி இந்த வியாபாரத்தின் உண்மையான இயல்பைச் சற்று நிதானிப்போம். தோல் தொழிலாளி நம்மிடம் வாங்கிய தோலை என்ன செய்கிறான்? ஒன்றும் செய்வதில்லை, கைமாறிய கணத்தில் அது மறைந்துவிடுகிறது. அவன் கொடுக்கும் மரகதம் எங்கிருந்து வருகிறது? அவனிடம் சேமிப்பு எதுவும் கிடையாது. கொடுக்கும் கணத்திலேயே அது பிறக்கிறது. அவனுக்குப் பின்னால் வேறு வாங்குபவன் இல்லை, போட்டிக் கடை இல்லை, கடன் இல்லை, தரகர் இல்லை. அவன் கேட்கும் விலையை உருவாக்குபவை இரண்டே: ஆடுபவர்கள் இதுவரை எவ்வளவு விற்றார்கள் என்பதும், இந்த ஆட்டக்காரன் எப்படி நடந்துகொண்டான் என்பதும். தனியே ஆடுபவனுக்கு இரண்டும் தன் செயல்களே. ஆகையால் அவன் அந்த விலையில் காண்பது தன் கடந்த காலத்தின் வரவுசெலவையே. வியாபாரியிடம் பழுது தேடிப் புறப்பட்டவன் தன் கணக்கேட்டைப் புரட்டிக்கொண்டு நிற்கிறான்.

ஆம்பூரின் தோலுக்கு விலை அவ்வாறு வருவதில்லை. பச்சைத் தோல் உரித்த சில மணி நேரத்தில் உப்பிடப்படாவிட்டால் அழுகத் தொடங்கும். காத்திருந்து விற்கும் உரிமை விற்பவனுக்கு இல்லை. விளையாட்டில் 6 தோலும் ஒன்றுபோல் இருக்க, இங்கே ஒவ்வொரு துண்டும் தரம் பிரிக்கப்பட்டு, பதனிட்ட பின் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. விளையாட்டின் கொப்பரையில் ஒரு சொட்டு நீர் இல்லாவிட்டாலும் தொழில் நடக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளின் காலத்திலிருந்து சுழலும் டிரம்களின் காலம் வரை தண்ணீரின்றிப் பதனிடுதல் இல்லை. ஒரு கிலோ தோலைப் பதனிட வழக்கமான முறைகளில் ஏறக்குறைய 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகிறது. அந்த நீரே பாலாற்றைப் பாழாக்கியது குறித்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசு செய்பவரே அதற்குரிய ஈட்டைக் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. அதற்கு முன் 1970களில், பச்சைத் தோலும் அரைப்பதனத் தோலும் வெளிநாடு செல்வதை அரசு கட்டுப்படுத்தியபோது, இவ்வட்டாரம் முழுப்பதனத்துக்கும் காலணிக்கும் திரும்பிற்று. தொலைதூரத்து நாகரிக மாற்றம் ஒன்று, டில்லியில் பிறந்த ஆணை ஒன்று, பண்டிகை நாள் ஒன்று ஆகிய இவற்றால், எத்தவறும் செய்யாத சிறு வியாபாரியின் விலை ஓரிரவில் மாறிவிடும். அவன் தன் கணக்கேட்டை எத்தனை முறை புரட்டினாலும் அக்காரணத்தை அதில் காணமாட்டான்.

அப்படியானால் விளையாட்டுச் சந்தை வெறும் பொய்யா என்று கேட்கலாம். சந்தையைக் கணினியில் கட்டிப் பார்க்கும் முயற்சி பொருளாதார சாஸ்திரத்திலும் உண்டு. அமெரிக்காவின் ஜோஷுவா எப்ஸ்டீனும் ராபர்ட் ஆக்ஸ்டெலும் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், கட்டம் கட்டமான ஒரு நிலத்தில் சர்க்கரையும் மசாலாவும் தேடியலையும் செயற்கை மனிதர்களைப் படைத்து, அவர்கள் ஒருவரோடொருவர் பண்டமாற்றுச் செய்யவிட்டனர். அம்மனிதர்களுக்குப் பசி உண்டு. பண்டம் தீர்ந்தால் மரணமும் உண்டு. ஆகவே விலை மேலிருந்து விதிக்கப்படாமல் அவர்களுடைய தேவைகளின் மோதலிலிருந்தே விளைந்தது. மைன்கிராஃப்ட் கிராமவாசிக்கோ நம் தோலின்மேல் எந்தத் தேவையும் இல்லை. அவன் விலை விதியிலிருந்து பிறந்தது. சந்தை எவ்வாறு விலையைக் காண்கிறது என்பதைக் கற்க எப்ஸ்டீன், ஆக்ஸ்டெல் ஆகியோரின் மாதிரியே தகுந்தது; கலந்து கிடக்கும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் பழக்கத்தைக் கற்க, காரணங்கள் ஐந்தே உடைய இந்தக் கிராமம் போதும்.

அந்தப் பழக்கம் விளையாட்டோடு நின்றுவிடவேண்டியதில்லை. நேற்றுவரை வாங்கியவர் இன்று ஏன் வாங்கவில்லை என்னும் கேள்வி தோல் மண்டியில் எழும்போதும், வாங்குபவர் மாறினாரா, சரக்கு போய்ச்சேரும் வழி அடைபட்டதா, பருவம் தவறியதா, சரக்கு மிஞ்சியதா, நம் பெயர் கெட்டதா என்று அதே வரிசையில் வினவலாம். இந்த ஐந்தும் இல்லை என்று உறுதியான பின்னரே, நம் கைக்கு எட்டாத உலகத்தின்மேல் பழியைப் போடுவது நியாயமாகும்.